வீட்டுத் தலைவரிடம் கேட்டால் வீட்டிலுள்ளவர்கள் தெரிவார்களா? பாதுகாப்புத் திட்டத்துக்கான பாலின ஆய்வு பற்றி ஓர் ஆலோசனை தேவை

தொடுவானம்

வணக்கம். இந்தத் துறைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இப்போது பெரிய பொறுப்பு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மோதலால் இடம்பெயர்ந்தவர்களும், அவர்களுக்கு இடம் கொடுத்த ஊர்க்காரர்களும் சேர்ந்து வாழும் ஒரு பகுதியில் எங்கள் அமைப்பு, மக்களை வன்முறையிலிருந்தும் சுரண்டலிலிருந்தும் காப்பதற்கான பாதுகாப்புத் திட்டம் தொடங்கப் போகிறது. அதற்கு முன்பு பாலினம், சமூக உள்ளடக்கம் (யாரும் ஒதுக்கப்படாமல் இருப்பது) பற்றி ஓர் ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். மூன்று வாரம், 600 வீடுகள். கேள்வித்தாள் மேலிடத்திலிருந்து தயாராகவே வந்துவிட்டது, மொத்தம் 74 கேள்விகள். எல்லாவற்றையும் வீட்டுத் தலைவரிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.

41ஆவது கேள்வியில் நின்றுவிட்டேன். "கடந்த 12 மாதங்களில் உங்கள் வீட்டில் யாராவது பாலியல் வன்முறைக்கு ஆளானார்களா? ஆம் / இல்லை." முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, வீட்டிலுள்ள எல்லோரும் கேட்கும்படி இதைக் கேட்பதை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றி இருப்பதும் ஒரே ஒரு கேள்விதான்: "வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா?"

இதை எப்படிக் கேட்பது, கேட்கலாமா, கேட்காவிட்டால் திட்டத்துக்குத் தேவையான விவரம் எங்கிருந்து வரும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈரநிலம்

தம்பி, 41ஐ எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நான் பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆரம்ப காலத்தில் இதே போன்ற ஒரு கேள்வியோடு ஒரு கூடாரத்துக்குள் போனேன். முப்பது வயது இருக்கும், தனியாகத்தான் இருந்தார். கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது மாமியார் உள்ளே வந்தார். நான் அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். அனுபவம் போதாமல், "பரவாயில்லை, பிறகு சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியம் போதும் அல்லவா, அவர் ஏதோ சொல்ல வந்தார் என்று காட்டிக்கொடுக்க? மறுநாள் பொருள் விநியோகத்துக்கு அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் அறிக்கையில் அவர் "பதில் இல்லை" என்ற நிரலில் ஓர் எண்ணாக இருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் நெருக்கடிச் சூழல்களில் பாலியல் வன்முறையைப் பற்றித் தகவல் திரட்டுவதற்கென்றே எட்டுப் பரிந்துரைகள் கொடுத்தது. முதலாவது: பதில் சொல்பவருக்கோ அவருடைய சமூகத்துக்கோ கிடைக்கும் பயன், அவர்களுக்கு நேரக்கூடிய ஆபத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறோம்: தகவல் திரட்டத் தொடங்கும் முன்பே அடிப்படைச் சிகிச்சையும் ஆதரவும் அந்த இடத்தில் கிடைக்க வேண்டும். உங்கள் பகுதியில் வன்புணர்வுக்குப் பிந்தைய மருத்துவ உதவி கிடைக்கிறதா? எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஒரு பெண் உங்களிடம் "நேற்று" என்று சொன்னால், அவரை எங்கே கூட்டிப் போவீர்கள்? இதற்குப் பதில் கையில் இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. மனிதாபிமான உதவிகளை ஒருங்கிணைக்கும் ஐ.நா. நிலைக்குழுவின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, பாலினம் சார்ந்த வன்முறை நடந்துகொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கச் சொல்கிறது. எண்ணிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடக்கிறதா என்று நிரூபிக்க உங்களை அனுப்பவில்லை. எங்கே, எப்போது, யாருக்கு ஆபத்து கூடுகிறது, அதைக் குறைக்க வழி என்ன என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

எண்ணும் எழுத்தும்

ஈரநிலம் அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் "எண்ணிக்கை வேண்டாம்" என்று இதை யாரும் புரிந்துகொண்டுவிடக் கூடாது. நான் புள்ளியியல்காரன், அதனால் கொஞ்சம் வாதாடுகிறேன்.

நிதி ஒதுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது எண்ணைத்தான். கூடாரத்துக்கு எண் இருக்கிறது, தண்ணீருக்கு லிட்டர் இருக்கிறது. பாதுகாப்புக்கு மட்டும் "நடக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போனால் கடைசி வரிசையில்தான் நிற்போம். எண் இல்லாததால் மூடப்பட்ட ஒரு பெண்கள் மையத்தை நானே பார்த்திருக்கிறேன்.

என் கோபம் 41இன் மீது வேறு காரணத்தால். அது தரும் எண் பொய். வீட்டுத் தலைவரே அடிப்பவராக இருந்தால் என்ன பதில் வரும்? 600 வீட்டில் நான்கு "ஆம்" வரும். அதை வைத்துக்கொண்டு "இந்தப் பகுதியில் பிரச்சினை பெரிதாக இல்லை" என்று ஒருவர் எழுதுவார். எண் இல்லாமல் இருப்பதைவிட அது கொடியது.

உண்மையான பரவல் அளவு, அதாவது மொத்தத்தில் எத்தனை பேருக்கு நடக்கிறது என்ற கணக்கு, தேவையென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. அண்டை வீட்டு முறை என்று ஒன்று உண்டு. தன் வீட்டையும் தனக்கு நன்றாகத் தெரிந்த பக்கத்து வீடுகளையும் பற்றி, பெயர் சொல்லாமல், பெண்களிடம் தனிமையில் கேட்டு மதிப்பிடுவது. உகாண்டாவிலும் லைபீரியாவிலும் செய்திருக்கிறார்கள். காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, கேள்வியைத் தானே கேட்டுத் தானே திரையைத் தொட்டுப் பதில் சொல்லும் முறையும் உண்டு. பேட்டி எடுப்பவருக்கே பதில் தெரியாது. இரண்டுக்கும் நல்ல பயிற்சி வேண்டும், நாள் வேண்டும், உதவிச் சேவை தயாராக இருக்க வேண்டும். மூன்று வாரத்தில் ஆகாது. ஆகவே இந்த ஆய்வில் வேண்டாம் என்பதே என் முடிவும்.

இன்னொன்றையும் மேலிடத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள். பெண்கள் மையம் திறந்த பிறகு பதிவாகும் சம்பவங்கள் கூடும். வன்முறை கூடிவிட்டது என்று பதறுவார்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், வந்து சொல்ல ஓர் இடம் கிடைத்துவிட்டது என்பதுதான். சேவை மையங்களில் பதிவாகும் சம்பவங்களைத் தொகுக்க 2006இல் தொடங்கிய ஐ.நா. கூட்டுத் தகவல் முறைமையே, அந்த எண்கள் முன்வந்து சொன்னவர்களை மட்டும் குறிப்பவை, பரவல் அளவு அல்ல என்று சொல்கிறது. முதல் வருடம் பதிவு கூடுவதை வெற்றிக் குறியீடாகவே எழுதிக் கொடுங்கள்.

சக்கரம்

"மாற்றுத்திறனாளி உண்டா" என்ற கேள்வியைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானே பேசுகிறேன். எனக்கு இரண்டு கால்களும் இயங்காது, சக்கர நாற்காலியில்தான் களத்துக்குப் போகிறேன்.

அப்படிக் கேட்டால் என்னைப் போன்றவர்களை எழுதிக்கொள்வீர்கள். காது பாதி கேட்கும் பாட்டியை விட்டுவிடுவீர்கள். அவரை அந்த வீட்டில் யாரும் மாற்றுத்திறனாளி என்று நினைப்பதில்லை, "வயசாயிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். குண்டு வெடித்த பிறகு எதையும் நினைவில் வைக்க முடியாத இளைஞனை விட்டுவிடுவீர்கள். வெட்கத்தால் மறைத்து வைக்கப்படும் பிள்ளையை நிச்சயமாக விட்டுவிடுவீர்கள்.

ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு கொடுத்த ஆறு கேள்விகளைப் பயன்படுத்துங்கள். பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படியேறுவது, நினைவில் வைப்பது அல்லது கவனம் செலுத்துவது, குளிப்பது உடுத்துவது போன்ற சொந்த வேலைகள், பேசிப் புரியவைப்பது. ஒவ்வொன்றிலும் சிரமம் உண்டா என்று மட்டும் கேட்க வேண்டும். பதில் நான்கு: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், அதிகச் சிரமம், முடியவே முடியாது. கடைசி இரண்டில் ஒன்றாவது வந்தால் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊனம் என்ற சொல்லோ, மாற்றுத்திறனாளி என்ற சொல்லோ கேள்விகளில் எங்கும் வராது. அதுதான் அதன் பலம். கேட்பவர் முன்னுரையில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் எல்லாம் வீண், பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

குறையும் உண்டு. மனநலச் சிக்கல்களை இந்த ஆறும் சரியாகப் பிடிக்காது. அதே குழுவின் விரிவான கேள்வித் தொகுப்பில்தான் பதற்றம், மனச்சோர்வு பற்றிய கேள்விகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு யுனிசெஃபோடு சேர்ந்து உருவாக்கிய தனித் தொகுப்பு இருக்கிறது, அதை எடுங்கள்.

எண்ணி முடித்தால் வேலை முடியாது. எங்களை எண்ணுபவர்கள் எங்களோடு பேசுவதில்லை. பேச்சு வராத பெண்ணிடம் போனால் அவருடைய அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவரைப் பார்த்துக்கொள்பவரே அவரைத் துன்புறுத்துபவராக இருக்கலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? சைகை மொழி தெரிந்தவர் ஒருவரையாவது குழுவில் வையுங்கள். கலந்துரையாடலுக்கு வர முடியாதவர்களிடம் நீங்கள் போங்கள். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11ஆவது பிரிவு போர்ச் சூழலில் எங்கள் பாதுகாப்பை அரசுகளின் கடமை என்கிறது. அந்த உடன்படிக்கை 2006இல் வந்தது. ஆயுத மோதல்களில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் ஐ.நா. பாதுகாப்பு அவையின் முதல் தீர்மானமான 2475 வர 2019 ஆகிவிட்டது. அந்தப் பதிமூன்று வருடங்களில் ஓட முடியாமல் வீட்டிலேயே விடப்பட்டவர்களை நான் நினைக்காத நாள் இல்லை.

தொடுவானம்

சக்கரம், இதை அப்படியே எங்கள் குழுவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். நன்றி.

ஈரநிலம் அக்கா, 41ஐ எடுத்தால் அந்த இடத்தில் என்ன கேட்பது? எதைக் கேட்டால் யாருக்கும் ஆபத்து வராமல் திட்டத்துக்கு வேண்டியது கிடைக்கும்?

ஈரநிலம்

ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எழுந்தது முதல் இரவு படுப்பது வரை எங்கெங்கே போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள், எந்தப் பாதை, எந்த நேரத்துக்குப் பிறகு போக மாட்டீர்கள். இளம்பெண்களை ஒரு குழுவாக, திருமணமானவர்களை ஒரு குழுவாக, விதவைகளையும் வயதான பெண்களையும் தனித்தனியாக, ஆண்களை, சிறுவர்களை என்று பிரித்து உட்கார வையுங்கள். தரையில் கோடு போட்டு அவர்கள் இடத்தின் வரைபடத்தை அவர்களே வரையட்டும். பயமான இடத்தில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். "உங்களுக்கு என்ன நடந்தது" என்று குழுவில் யாரிடமும் கேட்காதீர்கள். "இங்கே உங்களைப் போன்றவர்களுக்கு என்ன கவலை" என்று மட்டும் கேளுங்கள். கல் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும்.

அப்புறம் நீங்களே நடந்து பாருங்கள். கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா, ஆண், பெண் கழிப்பறைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம். மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்பியர் கையேடு, பொதுக் கழிப்பறை 20 பேருக்கு ஒன்று என்றும், ஆண்களுக்கு ஒன்று இருந்தால் பெண்களுக்கு மூன்று என்றும் சொல்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் பெண்கள் போகாத கழிப்பறைகளைப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் போகும் வழியில் ஆண்கள் உட்கார்ந்து சீட்டாடும் இடம். வரைபடத்தில் அந்த இடத்தில் பதினோரு கல்.

ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் நின்றுவிடாதீர்கள். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் விறகு. சூடானின் டார்ஃபூரில் முகாமை விட்டு விறகு பொறுக்கப் போன பெண்கள் தாக்கப்பட்டார்கள். ஆண்கள் போகலாமே என்று வெளியாட்கள் கேட்டார்கள். ஆண் போனால் கொன்றுவிடுவார்கள், அதனால்தான் நாங்கள் போகிறோம் என்று பெண்கள் சொன்னார்கள். இதைக் கேட்காமல் எந்தத் திட்டம் போட முடியும்?

கென்யாவின் தாதாப் முகாம்களிலும் இதே விறகுப் பிரச்சினை. 1990களின் இறுதியில் முகாமுக்கே விறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு மதிப்பீடு செய்தபோது, விறகு கொடுத்த காலத்தில் விறகு பொறுக்கும்போது நடந்த வன்புணர்வுகள் குறைந்திருந்தன. மற்ற இடங்களில், மற்ற நேரங்களில் நடந்தவை கூடியிருந்தன. ஆபத்து இடம் மாறியது. விறகு கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. தாக்குபவன் யார், அவனுக்கு ஏன் தண்டனை இல்லை என்ற கேள்வியை விட்டுவிட்டு, பெண் எங்கே நடக்கிறாள் என்று மட்டும் ஆராய்ந்தால் இப்படித்தான் முடியும்.

பட்டியலில் திருநங்கைகள், திருநம்பிகளுக்குத் தனிப் பெட்டி வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வீட்டுக் கணக்கெடுப்பில் வேண்டாம். வீட்டுக்காரர் முன்னால் அந்தப் பெட்டியை நிரப்புவது ஒருவரை ஊருக்குக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். அவர்கள் நம்பும் ஆட்கள் வழியாக, அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் பேசுங்கள். நான்கு பேரோடு பேசினாலும் போதும்.

நெடுஞ்சாலை

ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இழையில் இதுவரை ஆண் என்றால் அடிப்பவர், பதில் சொல்லும் வீட்டுத் தலைவர் என்றே வந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, நடப்பது பெரும்பாலும் அதுதான்.

ஆனால் சோதனைச் சாவடியில் வண்டியிலிருந்து இறக்கப்படுவது யார்? 1993இல் போஸ்னியப் போரின்போது ஸ்ரெப்ரெனிட்சா நகரத்திலிருந்து ஐ.நா. லாரிகளில் வெளியேற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1995 ஜூலையில் அந்த நகரம் விழுந்தபோது 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். "பெண்களும் குழந்தைகளும்" என்ற சொல்லை ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். பதினாறு வயதுப் பையன் அதில் இருக்கிறானா இல்லையா என்று யாரும் யோசிப்பதில்லை. சாவடியில் நிற்பவனுக்கு அவன் ஆள் பிடிக்கத் தக்க ஆண்.

தடுப்புக் காவலில் ஆண்களுக்கு நடக்கும் பாலியல் வன்முறையைப் பற்றி இன்னும் வாய் திறக்க முடியவில்லை. பாதுகாப்பு அவையின் தீர்மானங்களில் ஆண்களும் சிறுவர்களும் இதற்கு ஆளாகிறார்கள் என்ற சொல் 2013இல் 2106ஆம் தீர்மானத்தில்தான் வந்தது. உங்கள் பகுதியில் ஓர் ஆண் உதவி தேடி வந்தால், பெண்கள் மையத்தின் வாசலில் நிற்க முடியுமா? பொது மருத்துவமனையில் அவருக்கு ஒரு வழி இருக்கிறதா என்று, எந்த உதவி எங்கே கிடைக்கும் என்பதைக் காட்டும் சேவை வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் மையத்தை ஆண்களுக்குத் திறக்கச் சொல்லவில்லை. அது அவர்கள் மூச்சு விடும் இடம், அப்படியே இருக்கட்டும்.

ஈரநிலம்

ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதும்போது பையன்களை ஒரே சொல்லில் கடந்துவிட்டேன்.

இருமொழி

நான் மொழிபெயர்ப்பாளர். ஆய்வாளர்கள் எழுதும் அறிக்கைகளில் என்னைப் போன்றவர்கள் இருப்பதே தெரியாது. ஆனால் பதில் எங்கள் வாய் வழியாகத்தான் வருகிறது.

முதலில் தலைப்பிலேயே ஒரு சிக்கல். "சமூக உள்ளடக்கம்" என்று ஊரில் போய்ச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. உள்ளடக்கம் என்றால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது என்றுதான் நினைப்பார்கள். "எல்லாரையும் சேர்த்துக்கொள்வது", "யாரும் விடுபடாமல் பார்ப்பது" என்று சொல்லுங்கள். "பாலினம் பற்றிய ஆய்வு" என்றால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். "ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் இங்கே எப்படி வாழ்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம்" என்றால் உட்காரச் சொல்லிப் பாய் போடுவார்கள். வன்முறை ஆய்வு என்ற பெயரில் வீடு வீடாகப் போகவே கூடாது. பேட்டி கொடுத்தார் என்பதே ஒருவருக்கு அடி வாங்கித் தரும்.

இரண்டாவது, ஒரு பெண் "என்னைக் கெடுத்துட்டான்" என்று சொன்னால் ஆய்வாளருக்கு நான் என்ன சொல்வது? அந்தச் சொல்லில் அவளுடைய வலியும் இருக்கிறது, ஊர் அவள் மீது சுமத்திய பழியும் இருக்கிறது. நான் "வன்புணர்வு" என்று சொன்னால் ஆய்வாளர் சட்டச் சொல்லாக எழுதிக்கொள்வார். அவள் சொன்ன சொல்லையே எழுதி, பக்கத்தில் விளக்கம் போடுங்கள் என்று நான் கேட்பேன். "சின்னப் பிரச்சினை", "வீட்டு விஷயம்", "அவர் கொஞ்சம் கோபக்காரர்" என்று வந்தாலும் அப்படியே எழுத வேண்டும். திருத்தி எழுதிவிட்டால், எந்தச் சொல்லை வைத்து மறைக்கிறார்கள் என்ற செய்தியே போய்விடும்.

மூன்றாவது, எங்களை அதே ஊரிலிருந்து எடுக்கிறீர்கள். பதில் சொல்பவருக்கு நான் யாருடைய மகள் என்று தெரியும். வெளியூரிலிருந்து எடுத்தால் எந்தத் தரப்பு ஆள் என்று பார்ப்பார்கள். இதற்கு எளிய தீர்வு இல்லை. பேட்டிக்கு முன்பு, "இவர் மொழிபெயர்த்தால் உங்களுக்குச் சரியா, வேறு ஆள் வேண்டுமா" என்று நான் இல்லாத இடத்தில் கேளுங்கள். என்னை வேண்டாம் என்று சொன்னால் எனக்கு வருத்தம் இருக்காது. இன்னொன்று: நாங்களும் அதே மோதலிலிருந்து வந்தவர்கள். ஒரு முறை, என் தங்கைக்கு நடந்ததையே வேறொருவர் வாயில் கேட்டு மொழிபெயர்த்தேன். அன்று மாலை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. தினமும் மாலையில் குழுவோடு அரை மணி நேரம் உட்காருங்கள், தரவு பற்றிப் பேச அல்ல.

வழக்கேடு

இருமொழி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை.

நான் வழக்கறிஞர். "கேட்காதே" என்ற அறிவுரைக்கு ஓர் எல்லை உண்டு என்று சொல்லத்தான் வந்தேன். ருவாண்டா குறித்த சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில், அந்நாட்டின் முன்னாள் மேயர் ஒருவரான அகாயேசு மீதான வழக்கு. முதலில் சுமத்திய குற்றச்சாட்டுகளில் பாலியல் வன்முறை ஒரு வரிகூட இல்லை. விசாரணை அதிகாரிகள் அதைத் தேடவில்லை. 1997 ஜனவரியில் சாட்சிக் கூண்டில் ஒரு பெண், தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைத் தானாகச் சொன்னார். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. சாட்சிகளிடம் மேலும் கேட்டார்கள். அதே வருடம் ஜூனில் குற்றச்சாட்டு திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 தீர்ப்பில், வன்புணர்வு இனப்படுகொலையின் ஒரு செயலாக முதன்முதலாக ஏற்கப்பட்டது. அன்று காது கொடுக்க ஆள் இல்லாதிருந்தால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

ஆனால் தம்பி, அது நீதிமன்றம். சாட்சிப் பாதுகாப்பு, வழக்கு, தண்டனை என்று அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கட்டமைப்பு இருந்தது. உங்கள் கணக்கெடுப்பாளர் கையில் ஒரு பலகையும் பேனாவும்தான் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் தாளில் அரைகுறையாக எழுதிய ஒரு வாக்குமூலம், நாளை வழக்கு வந்தால் அந்தப் பெண்ணுக்கு எதிராகவே திருப்பப்படும்: அன்று இப்படிச் சொன்னாய், இன்று அப்படிச் சொல்கிறாய் என்று. ஈராக்கில் ஐ.எஸ். அமைப்பிடம் சிக்கி மீண்ட யசீதிச் சிறுபான்மைப் பெண்களிடம் பத்திரிகையாளர்கள், புலனாய்வாளர்கள், அமைப்புகள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அவர்களில் ஒருவரான நாடியா முராதின் பெயரில் 2022இல் வந்த முராத் நெறிமுறை, தகவல் திரட்டுபவரை யோசிக்கச் சொல்வது இதுதான்: இந்தப் பேட்டி உண்மையிலேயே தேவையா, வேறு வழியில் இந்த விவரம் கிடைக்காதா?

தரவைப் பற்றி ஒரு குறிப்பு. பெயர், கைரேகை, வீட்டின் துல்லியமான இருப்பிடம் எதுவும் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை, எடுக்காதீர்கள். மியான்மரிலிருந்து தப்பி வந்து வங்கதேச முகாம்களில் இருக்கும் ரோஹிங்யா மக்களிடம் திரட்டிய விவரங்கள் மியான்மர் அரசின் கைக்குப் போனது பற்றி 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதியது. மக்களின் ஒப்புதல் பெற்றே பகிர்ந்ததாக ஐ.நா. அகதிகள் ஆணையம் பதில் சொன்னது. யார் சொன்னது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. உணவு அட்டைக்காக வரிசையில் நிற்பவர் கொடுக்கும் ஒப்புதல் எவ்வளவு சுதந்திரமானது என்பதை மட்டும் யோசியுங்கள்.

எண்ணும் எழுத்தும்

இதோடு சேர்த்து: ஊர் சிறியதென்றால் பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். "34 வயது, விதவை, காது கேளாதவர், வடக்குப் பகுதி" என்றால் ஒருவர்தான் இருப்பார். வெளியிடும் அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஐந்துக்குக் கீழே வந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். வயது, பால், இயங்குவதில் சிரமம் என்று பிரித்துக் காட்டச் சொல்வோம், பிரிக்கப் பிரிக்க ஆள் வெளியே தெரிவார். இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

தொடுவானம்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இந்த இழையை அச்செடுத்து மேலிடக் கூட்டத்துக்கே கொண்டு போனேன்.

41 போய்விட்டது. 74 கேள்விகள் 38 ஆகிவிட்டன. வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்பது என்பதை மாற்றி, ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து தனியாகக் கேட்பது என்று முடிவானது. வாஷிங்டன் கேள்விகள் ஆறும் சேர்ந்தன. சைகை மொழி தெரிந்த ஒருவரை மாற்றுத்திறனாளிகள் சங்கமே அனுப்புகிறது. சக்கரம், அந்தச் சங்கத்தின் தலைவி பயிற்சியில் ஒரு அமர்வை நடத்துகிறார்.

சேவை வரைபடம் போட்டோம். எங்கள் பகுதியில் 72 மணி நேர மருந்து இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, இரண்டரை மணி நேரப் பயணம். மாலை நான்கு மணிக்கு மேல் வண்டி கிடையாது. ஆய்வு தொடங்கும் முன்பே இது தெரிந்துவிட்டதால், வண்டிச் செலவுக்கும் துணைக்கு ஓர் ஆளுக்கும் முதல் மாத நிதியிலேயே இடம் கேட்டிருக்கிறோம். அது உறுதியாகும் வரை களத்துக்குப் போக மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கை நடுங்கியது, ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

கிடைக்காதது: நாள். ஐந்து வாரம் கேட்டேன், நான்குதான் கொடுத்தார்கள். அதனால் பையன்களின் குழுக்களும் வயதான பெண்களின் குழுக்களும் பாதியாகக் குறைகின்றன. எதைக் குறைப்பது என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

ஈரநிலம்

வீடுகளைக் குறையுங்கள் தம்பி. 600ஐ 400 ஆக்கினால் என்ன போய்விடும், எண்ணும் எழுத்தும் சொல்லட்டும். குழுக்களைக் குறைக்காதீர்கள்.

கடைசி நான்கு நாளை அறிக்கை எழுதுவதற்கென்று வைத்திருப்பீர்கள். அதில் இரண்டு நாளை ஊருக்குத் திரும்பிப் போக ஒதுக்குங்கள். கல் வைத்த பெண்களிடமே வரைபடத்தைக் காட்டி, நாங்கள் புரிந்துகொண்டது சரியா, இதில் எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேளுங்கள். ஒரு முறை அப்படிப் போனபோது ஒரு பாட்டி தன் கல்லை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். முதல் நாள் பயத்தில் பொய் சொன்னேன் என்றார். விநியோகக் கூடத்தின் வாசலில் வைத்தார், எங்கள் ஆட்கள் நிற்கும் இடத்தில். 2002இல் கினி, லைபீரியா, சியரா லியோன் முகாம்களில் உதவிப் பணியாளர்களே பொருளுக்குப் பதிலாகச் சிறுமிகளைச் சுரண்டியது வெளியே வந்தபோது உலகம் அதிர்ந்தது. மறுவருடம் ஐ.நா. பொதுச்செயலாளர் அதைத் தடைசெய்து விதிமுறை வெளியிட்டார். எல்லாம் படித்திருந்தேன். இருந்தும் எங்கள் கேள்வித்தாளில் எங்களைப் பற்றி ஒரு கேள்வி இருக்கவில்லை.

எண்ணும் எழுத்தும்

400 போதும். நம்பக எல்லை, அதாவது மதிப்பீட்டில் பிழைக்கு விடும் இடைவெளி, கொஞ்சம் விரியும், அவ்வளவுதான். சரியாக எத்தனை என்று மாதிரியைக் கணக்கிட்டு நாளைக் காலை தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தொடுவானம்

காத்திருக்கிறேன். அக்கா, விநியோகம் செய்பவர்களைப் பற்றிய கேள்வியை இப்போதுதான் சேர்த்தேன். எங்கள் ஊழியர்கள் யாரும் இல்லாத இடத்தில், வெளியிலிருந்து வரும் இரண்டு பெண்கள் அதை மட்டும் கேட்பார்கள். பதில் என் மேசைக்கு வராது, புகார்களை விசாரிக்கும் தனிப் பிரிவுக்கு நேராகப் போகும்.